நினைவு தவறிய பின் நமக்காக யார் பேசுவது? முன்கூட்டியே பிரதிநிதியை நியமிக்கும் உரிமை குறித்து

1. இரண்டு காலங்களுக்கு நடுவே

நம் சட்டங்கள் ஒரு மனிதரை இரண்டு காலங்களில் நன்றாக அறிந்திருக்கின்றன. ஒன்று, அவர் தெளிந்த அறிவோடு நடமாடும் காலம். அப்போது அவர் சொத்தை விற்கலாம், கடன் வாங்கலாம், தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கலாம். மற்றொன்று, அவர் இறந்த பிறகான காலம். அதற்கு உயில், வாரிசுச் சான்றிதழ், வங்கியிலும் காப்பீட்டிலும் நாமினி என்று பல ஏற்பாடுகள் இருக்கின்றன. வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை குறிப்பிடலாம் என்ற சட்டத் திருத்தம்கூட 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு காலம் உண்டு. பக்கவாதம் தாக்கிப் பேச்சும் புரிதலும் போய்விடுகின்றன. விபத்தில் தலையில் அடிபட்டு ஒருவர் மாதக்கணக்கில் கண் திறக்காமல் கிடக்கிறார். மறதிநோய் முற்றிப் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் போகிறது. ஆள் உயிரோடு இருக்கிறார். அவர் பெயரில் வீடும் கணக்கும் இருக்கின்றன. மருத்துவர் ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறார். முடிவெடுக்கத்தான் அவரால் இயலவில்லை. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வொன்று மதிப்பிட்டது. தமிழகத்தில் 2011 கணக்கெடுப்பின்போதே பத்தில் ஒருவர் 60ஐக் கடந்தவர். மறதிநோய் வராதவர்களுக்கும் இந்த நிலை அரிதல்ல. அமெரிக்காவில் 2000 முதல் 2006 வரை இறந்த முதியவர்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில், கடைசி நாட்களில் சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டியிருந்தவர்களில் 70 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று தெரியவந்தது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். தெளிவாக இருக்கும்போதே, 'நான் இயலாமல் போனால் எனக்காக இன்னார் முடிவெடுக்கட்டும்' என்று ஒருவர் எழுதி வைத்தால் இந்தியாவில் அது எந்த அளவுக்குச் செல்லும்? இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வழக்கமாக இரண்டு மறுமொழிகள் வருகின்றன. குடும்பம் இருக்கும்போது தனி ஏற்பாடு எதற்கு என்பது ஒன்று. அப்படி ஓர் ஏற்பாடு வந்தால் முதியவர்களை ஏமாற்றத்தான் பயன்படும் என்பது மற்றொன்று. இரண்டையும் தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டுமே இன்று என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்லப்படுபவை என்று நினைக்கிறேன்.

2. பவர் பத்திரம் எங்கே அறுபடுகிறது

'அப்பா முன்னாடியே பவர் எழுதிக் கொடுத்துட்டார், அதனால் கவலையில்லை' என்று பல குடும்பங்கள் நம்புகின்றன. அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவில், அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ முகவருடைய அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. கொடுத்தவர் தானே செய்யக்கூடியதைத்தான் முகவர் அவர் சார்பில் செய்கிறார், கொடுத்தவருக்கே இயலாதபோது முகவருக்கும் இயலாது என்பது இதன் பின்னுள்ள தர்க்கம். சரக்கு வாங்கி விற்கும் வணிக முகவருக்கு இது பொருந்தும். வயதான தாயின் மருந்துச் செலவுக்காக அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மகளுக்கு, அதிகாரம் தேவைப்படத் தொடங்கும் அந்த நாளிலேயே அது பறிபோகிறது.

அதே சட்டத்தின் 209ஆம் பிரிவு சிறு கதவொன்றைத் திறந்து வைத்திருக்கிறது. கொடுத்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட நலன்களைக் காக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் முகவர் எடுக்க வேண்டும் என்கிறது அது. இருப்பதைக் காப்பாற்றும் கடமை இது. வீட்டை விற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டும் அதிகாரத்தை இதிலிருந்து வருவிக்க முடியாது. 1882ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டமும், கொடுத்தவரின் நிலை மாறியதை அறியாமல் நல்லெண்ணத்தோடு பணம் செலுத்திய முகவரைக் காப்பாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

அலுவலக நடைமுறைகளிலும் இதே கண்ணோட்டம்தான் தெரிகிறது. தமிழகச் சார்பதிவாளர் அலுவலகங்களில், பழைய பவரை வைத்து முகவர் சொத்தை விற்க வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவரிடமிருந்து சான்றிதழ் கேட்கப்படுகிறது. இறந்தவர் பெயரில் நடந்த மோசடிகளைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அது கேட்பது உயிரைப் பற்றி. அறிவு தெளிவாக இருக்கிறதா என்பது அதன் கேள்வி அல்ல. வங்கிகளிலும் இப்படித்தான். கையெழுத்துப் போட முடியாத முதியவர்கள் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் வழிசெய்கிறது. கை நடுங்குவதற்கு விதி இருக்கிறது. மனம் தடுமாறுவதற்கு இல்லை.

விதி இல்லாத இடத்தைக் குடும்பங்கள் தாமே நிரப்பிக்கொள்கின்றன. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் பிள்ளை கைக்குப் போகின்றன. வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கப்படுகிறது. சேமிப்புக் கணக்கு, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற கூட்டுக் கணக்காக மாறுகிறது. இவற்றில் பெரும்பாலானவை அன்போடும் நாணயத்தோடும் நடக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாணயமற்றவர் ஒருவர் கையில் இதே வழிகள் சிக்கினால் கணக்குக் கேட்க யாரும் இல்லை. தடயமும் இல்லை.

இவற்றைவிடப் பெரிய விளைவு தான செட்டில்மெண்ட். 'கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வான்' என்ற எதிர்பார்ப்பில் வீட்டையே பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் எவ்வளவு ஆழமானது என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தவர்கள் அறிவார்கள். இதைப் பாசத்தின் விளைவு என்றோ பேராசையின் விளைவு என்றோ மட்டும் விளக்குவது போதாது என்பது என் கருத்து. தன் இயலாமைக் காலத்தில் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை மட்டும் ஒருவரிடம் கொடுத்து, உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள ஒரு முதியவருக்குச் சட்டம் வழி தந்திருந்தால், உரிமையையே கொடுத்துவிடும் கட்டாயம் பாதியாவது குறைந்திருக்கும். கொடுத்தபின் கைவிடப்பட்டவர்களுக்காக 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவில் ஒரு பரிகாரம் வைத்தது. பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெறலாம். அந்தச் சட்டத்தைப் பெற்றோர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் வலியுறுத்தியது. ஆனால் தீர்ப்பாயத்தின் படியேறி மனு கொடுக்கவும் தெளிவு வேண்டும். அதை இழந்தவர் எப்படிப் படியேறுவார்?

3. உயர் நீதிமன்றத்தின் வாசலில்

ஒருவர் நினைவிழந்து கிடக்கும்போது குடும்பத்தார் சட்டப்படி பாதுகாவலராக எங்கே போவது என்ற கேள்விக்கு நேரான விடை கிடையாது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் சிறாருக்கானது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற குறிப்பிட்ட சில நிலைகளுக்கானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுக்கப்பட்ட பாதுகாவல் ஒன்றைக் கொண்டுவந்தது. மனநோயாளிகளின் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம் மேலாளரை நியமிக்க 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் வழி இருந்தது. அதை நீக்கி வந்த 2017ஆம் ஆண்டின் சட்டம், சிகிச்சையைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டுச் சொத்தைப் பற்றிய அந்த அத்தியாயத்தைக் கைவிட்டது.

ஆகவே கோமாவில் கிடப்பவரின் மனைவியோ மகனோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகிறார்கள். தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குடிமக்களுக்கு அரசே பெற்றோர் என்ற பழைய கோட்பாட்டைக் கையிலெடுத்து, அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின் அதிகாரத்தால் நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கென விரிவான நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழுவின் அறிக்கை, வருவாய்த்துறையின் நேரடி விசாரணை, சட்ட வாரிசுகளின் உறுதிமொழி, பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமர்ப்பிக்க வேண்டிய கணக்கு ஆகியவை அவற்றில் அடங்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024இல் வந்த வழக்கு ஒன்று நம் கவனத்துக்குரியது. கோமாவில் இருந்த கணவரின் கணக்கை இயக்கவும் சொத்தை விற்கவும் அனுமதி கேட்டு வந்த மனைவியை, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி தனி நீதிபதி சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அவரையே பாதுகாவலராக நியமித்தது. 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது.

மனிதநேயமான தீர்ப்பு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. ஆனால் இந்த வழிமுறையின் எல்லையைச் சொல்லியாக வேண்டும். மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி வீட்டில் கிடத்திவைத்திருக்கும் கணவரை விட்டுவிட்டு ஒரு பெண் வழக்கறிஞரைத் தேடிச் சென்னைக்கோ மதுரைக்கோ அலைய வேண்டியிருக்கிறது. வசதியற்ற குடும்பங்களுக்கு அந்த வாசல் இல்லாததற்குச் சமம். இன்னொன்று, நீதிமன்றம் விசாரிப்பதெல்லாம் உறவு, நாணயம், வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றைத்தான். படுக்கையில் கிடப்பவர் யாரைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்ற கேள்வி அங்கே எழுவதற்கு இடமே இல்லை, ஏனென்றால் அதை முன்பே பதிவுசெய்து வைக்கும் வசதியை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

4. சிகிச்சையில் யார் சொல் செல்லும்

பணத்தைவிடச் சிகிச்சையில்தான் குடும்பத்தின் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகக் கருதப்படுகிறது. மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவது 'கூட வந்தவர்' வேலை. 2008இல் உச்ச நீதிமன்றம் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டது. பரிசோதனைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. நோயாளி திறனுள்ள வயதுவந்தவர், சற்று நேரத்தில் விழித்துவிடுவார், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆகவே தாயின் சம்மதம் அவருடைய சம்மதம் ஆகாது என்றது தீர்ப்பு. உறவு என்பதாலேயே ஒருவர் இன்னொருவருக்காகப் பேசும் உரிமை பெற்றுவிடுவதில்லை என்பது அன்றே சொல்லப்பட்டுவிட்டது. மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறை அதை இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

விழித்தெழ வாய்ப்பில்லாதவர்களைப் பற்றி 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்து, முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ அறிவுறுத்தலுக்கு அங்கீகாரம் தந்தது. பத்திரிகைகள் இதை 'லிவிங் வில்' என்றே எழுதின. ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையெழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மருத்துவக் குழுக்கள் என்று நடைமுறை அவ்வளவு கடினமாக இருந்ததால் உரிமை ஏட்டோடு நின்றது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும். ஆவணத்தின் நகல் உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அதிகாரியிடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும். பாதுகாவலராக ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். மருத்துவக் குழுக்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் நாம் கேட்கும் கேள்விக்கு ஒரு மூலையில் மட்டும் கிடைத்த விடை. மீளமுடியாத நோயில் சிகிச்சையை மறுக்கவும் நிறுத்தவும் மட்டுமே இந்தப் பாதுகாவலர் பேசலாம். மறதிநோயோடு பல ஆண்டுகள் வாழப்போகிற ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை செய்வதா, கண்புரையை எடுப்பதா, எந்த ஊரில் யாரோடு அவரை வைத்துப் பார்த்துக்கொள்வது என்பன போன்ற அன்றாட முடிவுகளில் பாதுகாவலருக்கு இடமில்லை. வாழ்வின் கடைசி வாரத்துக்குப் பிரதிநிதி உண்டு. அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்கு இல்லை.

5. ஏர்வாடிக்குப் பிறகு

எதிர்பாராத ஓரிடத்தில் இந்தியச் சட்டம் நெடுந்தூரம் முன்னேறியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்ததில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது பெரும்பாலும் குடும்பத்தார்தான். கொடுமைக்காரர்களாக இருந்து அல்ல, வேறு வழியற்றவர்களாக, ஏர்வாடி தர்காவின் அருளை நம்பியவர்களாக. தங்கியிருப்பதற்கு இறந்தவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தத் தீ நாடு முழுவதும் எழுப்பிய கேள்விகளும், 2007இல் இந்தியா ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையும் சேர்ந்து, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வழியமைத்தன. அதன் 14ஆம் பிரிவு கவனமாகப் படிக்கத்தக்கது. வயதுவந்த எவரும், மனநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனக்கென ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ வைத்தால் போதும். நியமிக்கப்படுபவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நியமனத்தை மாற்றலாம். யாரையும் நியமிக்காதவருக்குத்தான் வரிசைமுறை வருகிறது. அந்த வரிசையிலும், முன்னறிவுறுத்தலில் பெயர் குறிக்கப்பட்டவருக்கு அடுத்துத்தான் உறவினர். அவருக்குப் பின் பராமரிப்பவர், பிறகு மனநல மறுஆய்வு வாரியம் தேர்ந்தெடுப்பவர், கடைசியில் சமூக நலத்துறை இயக்குநர்.

பிரதிநிதி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் 17ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளியின் இன்றைய விருப்பம், முன்னைய விருப்பம், வாழ்க்கை வரலாறு, மதிப்பீடுகள், பண்பாட்டுப் பின்னணி ஆகியவற்றை அவர் கணக்கில் எடுக்க வேண்டும். நோயாளி தன் நிலையைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் கருத்துக்குத் தனி எடை கொடுக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு வரலாற்று நியாயம் தெரிகிறது. தனக்காக முடிவெடுக்கவே தகுதியற்றவர்கள் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட சட்டம், தேர்ந்தெடுத்தவரை உறவினருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. மற்ற எந்தத் துறையிலும் இந்தத் தெளிவு நமக்கு இன்னும் கிட்டவில்லை. நினைவும் இடக்காலத் தெளிவும் கெடும் நிலையும் இச்சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருவதால் மறதிநோயாளர்கள் பலர் இதைப் பயன்படுத்தலாம், ஆனால் மனநலச் சிகிச்சைக்கு மட்டும். அதே நோயாளியின் ஓய்வூதியக் கணக்குக்கு இந்தத் தாள் உதவாது.

6. பிற நாடுகள் கண்ட வழியும் விழுந்த குழியும்

இங்கிலாந்து 2005இல் மனத்திறன் சட்டத்தை இயற்றி, 2007 அக்டோபர் முதல் நிலைத்த அதிகாரப் பத்திரம் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கும் வாழ்முறைக்கும் ஒன்று என்று இரண்டு வகை. எழுதுபவர் புரிந்துகொண்டுதான் எழுதுகிறார், வற்புறுத்தல் இல்லை என்று மூன்றாம் நபர் ஒருவர் சான்றளிக்க வேண்டும். பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவான பிறகே பத்திரம் செல்லும். அதிகாரம் பெற்றவர் கொடுத்தவரைப் புறக்கணித்தாலோ துன்புறுத்தினாலோ சிறை உண்டு.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூர் இதே மாதிரியைப் பின்பற்றி 2008இல் சட்டமியற்றி 2010 மார்ச்சில் நடைமுறைப்படுத்தியது. 21 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரோ மனநல மருத்துவரோ வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். ஆனால் நான்கே ஆண்டுகளில் சிங்கப்பூரை உலுக்கிய வழக்கு ஒன்று வந்தது. கணவரை இழந்த, பிள்ளைகள் இல்லாத செல்வந்த மூதாட்டி ஒருவரின் வீட்டில், சீனாவிலிருந்து வந்த முன்னாள் சுற்றுலா வழிகாட்டி ஒருவர் 2009இல் குடியேறினார். 2010இல் சொத்தெல்லாம் அவருக்கே என உயில் எழுதப்பட்டது. 2012இல் நிலைத்த அதிகாரப் பத்திரமும் அவர் பெயருக்கு வந்தது. ஏறத்தாழ 4 கோடி சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள சொத்து அவர் கைக்குள் போனது. 2014இல் மூதாட்டியின் உறவுப் பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தபின் பத்திரம் ரத்தானது. அந்த வழிகாட்டிக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

முன்கூட்டி நியமிக்கும் முறையை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. ஆயினும் இவ்வழக்கில் பதிவேடு இருந்தது, கேள்வி கேட்க அலுவலகம் இருந்தது, ரத்து செய்யச் சட்டப்பிரிவு இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நம்மூரில் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கியவரை எதிர்த்து எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது? சிங்கப்பூர் 2016இல் சட்டத்தைத் திருத்திப் பொதுப் பாதுகாவலரின் விசாரணை அதிகாரத்தைக் கூட்டியது. முறையைக் கைவிடவில்லை.

கண்காணிப்பைத் தொடக்கத்திலேயே உள்ளே வைத்த நாடு ஜப்பான். அங்கே 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விருப்பப் பாதுகாவல் ஒப்பந்தத்தை நோட்டரி பத்திரமாக எழுத வேண்டும். எழுதியவர் திறனிழந்த பின் குடும்ப நீதிமன்றம் ஒரு மேற்பார்வையாளரை நியமிக்கும் வரை அது உயிர்பெறாது. தேர்வு எழுதியவருடையது, கண்காணிப்பு நீதிமன்றத்துடையது. நம் சூழலுக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆனால் நம் நீதிமன்றங்களின் வழக்குச் சுமையை எண்ணும்போது மேற்பார்வையை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் வேறொரு கேள்வியை எழுப்பியது. ஒப்பந்தம் செய்யும் அளவுக்குத் திறன் இல்லாதவர் யாரையும் நியமிக்கவே கூடாதா? 1996இல் இயற்றப்பட்டு 2000இல் நடைமுறைக்கு வந்த அம்மாகாணத்தின் பிரதிநிதித்துவ ஒப்பந்தச் சட்டம், அப்படிப்பட்டவரும் நியமிக்கலாம் என்கிறது. அவர் விருப்பு வெறுப்பைக் காட்டுகிறாரா, ஒருவர் தனக்காக முடிவெடுக்கப்போகிறார் என்பதை உணர்கிறாரா, அந்த நபருடன் அவருக்கு உள்ளது நம்பிக்கையின் உறவா என்பவை அங்கே பார்க்கப்படுகின்றன. பண விஷயங்களில் சில விலக்குகள் தவிரக் கண்காணிப்பாளர் ஒருவரும் ஒப்பந்தத்திலேயே குறிக்கப்பட வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் போராடிப் பெற்ற சட்டம் இது. 'எனக்குப் பிறகு என் மகளை யார் பார்ப்பார்கள்' என்ற கவலையோடு தூங்கச் செல்லும் தமிழ்ப் பெற்றோருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

7. நியமித்தவர் நம் மனதை அறிவாரா?

இதுவரை சொன்னவை எல்லாம் நியமனம் நல்லது என்ற நம்பிக்கையில் நிற்பவை. அந்த நம்பிக்கையையே அசைக்கும் ஆய்வு ஒன்று உண்டு. ஷாலோவிட்சும் இரு சக ஆய்வாளர்களும் 2006இல் 16 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். நோயாளி என்ன சிகிச்சையை விரும்புவார் என்பதை அவருக்காகப் பேசுபவர்கள் 68 விழுக்காடு அளவுக்கே சரியாகக் கணித்தார்கள். அதிர்ச்சி தருவது அடுத்த முடிவு. நோயாளியே தேர்ந்தெடுத்த பிரதிநிதியானாலும், முன்பே இருவரும் கலந்து பேசியிருந்தாலும், கணிப்பின் துல்லியம் கூடவில்லை.

இதை வைத்து நியமனமே வீண் என்று முடிவுகட்டுவோர் உண்டு. அந்த முடிவு நியமனத்தின் நோக்கத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. சேகல் முதலியோர் 1992இல் 150 டயாலிசிஸ் நோயாளிகளிடம், தாங்கள் எழுதி வைப்பதைப் பிரதிநிதி எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்று கேட்டார்கள். துளியும் மாற்றக் கூடாது என்றவர்கள் 39 விழுக்காட்டினர். 31 விழுக்காட்டினரோ, தேவையென்றால் முழுவதையும் மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். இப்படிச் சொல்பவர் பிரதிநிதியிடம் எதிர்பார்ப்பது கணிப்பை அல்ல. நேரம் வரும்போது நிலவரத்தைப் பார்த்து இவர் எடுக்கும் முடிவு, பிசகினாலும், எனக்குச் சம்மதம் என்கிறார். அந்தச் சம்மதத்தை வேறு யாராலும் கொடுக்க முடியாது. மூத்த மகன் என்பதால் ஒருவரும், அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்புகிறவர் என்பதால் இன்னொருவரும் முடிவெடுக்கும் வீட்டில், பல ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட விதவைத் தங்கையின் சொல் எடுபடாமல் போவதற்குக் காரணம் அந்தச் சம்மதம் எங்கும் பதிவாகாததுதான்.

அந்த 39 விழுக்காட்டினரையும் மறக்கக் கூடாது. அவர்களுக்குப் பிரதிநிதி வேண்டும், கூடவே அவரைக் கட்டுப்படுத்தும் எழுத்தும் வேண்டும். ஆகவே நியமனப் பத்திரத்தில், எந்த அளவுக்குச் சுதந்திரம் தரப்படுகிறது என்பதையும் எழுதுபவரே தேர்ந்தெடுக்கும் இடம் இருக்க வேண்டும்.

8. உறவுமுறைப் பட்டியலுக்கு வெளியே

குடும்பம் இருக்கும்போது தனி ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்கள், குடும்பத்தால் விரட்டப்பட்டவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை. தன்பால் இணையரின் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் மறுத்தது. அதன்பின் 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு சில ஆறுதல்களை அறிவித்தது. கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், இணையரை நாமினியாகக் குறிப்பிடலாம். நெருங்கிய உறவினர் இல்லாதபோது இணையரின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். மீண்டும் அதே இரண்டு காலங்கள்தான். இருவரும் நலமாக இருக்கும் காலம், ஒருவர் இறந்த பிறகான காலம். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அவர்களுக்கு எந்தத் தாளும் தரப்படவில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் இங்கே ஒரு பாதையைக் காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இத்தகைய இணையர்கள் தங்களுக்குள் குடும்ப உறவு ஒப்பந்தப் பத்திரம் ஒன்றைப் பதிவுசெய்யும் முறையைத் தமிழக அரசு தன் கொள்கையில் பரிசீலிக்க வேண்டும் என்றார். 2025 மே மாதம், பெற்றோரால் அடைத்து வைக்கப்பட்ட பெண் ஒருவரை விடுவித்த தீர்ப்பில், நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் தேர்ந்தெடுத்த குடும்பம் என்பது நீதித்துறை ஏற்றுக்கொண்ட கருத்து என்றும் சொன்னது. அந்தப் பத்திரம் எழுதப்படும்போது, இயலாமைக் காலத்தில் சிகிச்சைக்கும் பணத்துக்கும் பிரதிநிதி யார் என்ற பகுதியும் அதில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பகுதி வருமானால், அதைத் தன்பால் இணையருக்கு மட்டும் ஒதுக்கவும் கூடாது. திருமணம் செய்யாமல் தோழியோடு முதுமையைக் கழிக்கும் ஆசிரியைக்கும், ஜமாத்தில் குருவை அண்டி வாழும் திருநங்கைக்கும், சாதி மறுத்து மணந்ததால் இரு வீட்டாரையும் இழந்தவர்களுக்கும் அது வேண்டும்.

நம்பிக்கைக்குரிய ஒருவர்கூட இல்லாதவர் என்ன செய்வார் என்பதே இதில் மிகக் கடினமான பகுதி. சிங்கப்பூர் 2016ஆம் ஆண்டின் திருத்தத்தால், கட்டணம் பெற்றுக்கொண்டு பிரதிநிதியாகச் செயல்படும் பதிவுபெற்ற தொழில்முறையாளர்களை அனுமதித்தது. காசு உள்ளவருக்கு அது தீர்வாகலாம். நம் மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரை, வரிசையின் கடைசியில், சமூக நலத்துறை இயக்குநரிடம் ஒப்படைக்கிறது. முப்பத்தெட்டு மாவட்டங்களுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர், தான் ஒருமுறைகூடப் பார்த்திராத நோயாளியின் வாழ்க்கை வரலாற்றையும் மதிப்பீடுகளையும் எங்கிருந்து அறிவார்? கேரளத்தில் வீடு வீடாகச் செல்லும் வலிதணிப்புச் சிகிச்சைத் தொண்டர்களும், தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களும் அந்த வரலாற்றை ஓரளவாவது அறிந்தவர்கள். தனித்து வாழும் முதியவரின் விருப்பங்களை, அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு கேட்டு எழுதி வைக்கும் பொறுப்பை இத்தகையோரிடம் கொடுக்கலாம். நாளை அவருக்காகக் கையெழுத்திட வேண்டிய அதிகாரிக்கு அந்தத் தாளாவது கையில் இருக்கும்.